மாமியின் மாத மருந்து: சேர்ஜரியில் கேட்பது யார், பார்மசியில் எடுப்பது யார்?

வாசகர் ஒருவரின் கேள்வி, 3 மார்ச் 2025

மாமிக்கு வயது 71. சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாம் இருக்கிறது. மாதம் ஏழு விதமான மருந்து. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். சேர்ஜரிக்கு (குடும்ப டொக்டரின் நிலையத்துக்கு) போன் எடுத்தால் மருந்து ஓடர் போனில் எடுப்பதில்லை என்கிறார்கள். பார்மசியிடம் விட்டுவிட்டால் அவர்களே மாதாமாதம் கேட்டு எடுத்து வீட்டுக்கும் கொண்டுவந்து தருவார்கள் என்று ஒருவர் சொன்னார். அதுதான் நல்ல வழியா? போன கிழமை மூன்று நாள் பிரஷர் குளிசை இல்லாமல் இருந்துவிட்டார். இனி அப்படி நடக்கக் கூடாது.

4 மார்ச், இரவு

முதலில் அந்த மூன்று நாள். குளிசை முடிந்துவிட்டால் சேர்ஜரியின் பதிலுக்காக வீட்டில் காத்திருக்க வேண்டாம். வழக்கமாக மருந்து எடுக்கும் பார்மசிக்கு நேரே போய், பழைய பெட்டியையோ பையோடு வரும், மருந்துப் பட்டியல் உள்ள வெள்ளைத் துண்டையோ காட்டிப் பார்மசிஸ்டுடன் கதைக்கக் கேளுங்கள். நீண்ட நாளாகப் போடும் மருந்து என்றால் அவசரத்துக்குக் கொஞ்சம் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. வலிக்கும் நித்திரைக்கும் கொடுக்கும் கட்டுப்பாட்டு மருந்துகள் பெரும்பாலும் இப்படிக் கிடைக்காது. பிரஷர் குளிசை பெரும்பாலும் கிடைக்கும். சேர்ஜரி பூட்டியிருக்கும் நேரமென்றால் பிரித்தானிய அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.ஸின் 111 இலக்கத்துக்கு அடியுங்கள். அவர்களே திறந்திருக்கும் ஒரு பார்மசிக்கு விபரத்தை அனுப்பிவிடுவார்கள்.

இனி உங்கள் கேள்வி. நான் லண்டன் ஹரோவில் இருக்கிறேன். அம்மாவுக்கு 74. ஐந்து வருடமாக அவருடைய மருந்தை நான்தான் பார்க்கிறேன். என் பதில், என்.எச்.எஸ். செயலி. உங்கள் பெயரில் கணக்குத் திறந்து, மாமியின் சம்மதத்தோடு சேர்ஜரியில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் உங்கள் போனிலிருந்தே அவருடைய மருந்தைக் கேட்கலாம். நானும் அம்மாவும் ஒரே சேர்ஜரி என்பதால் எனக்கு அது சுலபமாக முடிந்தது. உள்ளே போனால் ரிப்பீட் மருந்துகள் (மாதாமாதம் தொடர்ந்து எடுப்பவை) வரிசையாக இருக்கும். வேண்டியதைத் தொட்டு அனுப்பினால் டொக்டர் பார்த்து ஒப்புதல் கொடுப்பார். நீங்கள் தெரிவு செய்து வைத்த பார்மசிக்கு அது மின்வழியாகப் போய்விடும். டொக்டர் எழுதித் தரும் பச்சைக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் முடிந்துவிட்டது. வேலைக்குப் போகும் ரயிலில் நின்றபடியே நான் அனுப்பிவிடுவேன். இரண்டு நிமிடம்தான்.

5 மார்ச்

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. சேர்ஜரி 48 மணித்தியாலம் என்று சொன்னால் அது வேலை நாள் கணக்கு. வெள்ளி பின்னேரம் கேட்டால் செவ்வாய் பின்னேரம்தான் ஒப்புதல் வரும். பிறகு பார்மசிக்கு ஒன்றிரண்டு நாள் வேண்டும். குளிசை முடிய இன்னும் ஏழு நாள் இருக்கும்போது கேளுங்கள். கையில் மூன்று நாளுக்குத்தான் இருக்கிறது என்கிற நிலைமைக்கு விடாதீர்கள்.

9 மார்ச், ஞாயிறு

"பார்மசியிடம் விடுவது பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

எடுத்துத் தருவதும் வீட்டுக்குக் கொண்டுவருவதும் ஒரு விடயம். உங்களுக்காகக் கேட்பது வேறு விடயம். முன்பு நிறையப் பார்மசிகள் இரண்டையும் செய்தன. இப்போது பல இடங்களில் உங்கள் சார்பில் பார்மசி கேட்பதைச் சேர்ஜரிகள் ஏற்பதில்லை. காரணம் இதுதான்: பட்டியலில் ஏழு மருந்து இருந்தால் மாதாமாதம் ஏழும் வரும். மூன்றுதான் தேவை என்பதை யாரும் கேட்கவில்லை. பாவிக்காத மருந்து வீடுகளில் குவிந்தது. அப்படிக் குவிந்ததைத் திருப்பிக் கொடுத்தாலும் பிரயோசனம் இல்லை. பையை ஒருமுறை நம் கையில் தந்துவிட்டால் பெட்டி உடைக்காமல் இருந்தாலும் அதை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள், அழிக்கத்தான் வேண்டும். நம் வீட்டில் எந்த வெப்பத்தில், எந்தக் கையில் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அது சரியான விதிதான்.

ஆகவே எடுத்து வருவதைப் பார்மசியிடம் விடுங்கள், கேட்பதை விடாதீர்கள்.

16 மார்ச்

காசு பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் நான் மூன்று வருடம் தேவையில்லாமல் கட்டியவள்.

இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட். ஒரு துண்டுக்கு என்று நினைக்க வேண்டாம், துண்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும்தான். 60 வயது ஆனவர்களுக்கு இலவசம், மாமி ஒன்றும் கட்டத் தேவையில்லை. எனக்கு 46. தைரொயிட் குறைவு, லெவோதைரொக்ஸின் வாழ்நாள் முழுவதும் போட வேண்டும். மாதாமாதம் கவுண்டரில் அட்டையை நீட்டிக் கட்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் துண்டின் பின்பக்கத்தில் உள்ள இலவசத்துக்கான காரணங்களில் எதற்கு அடையாளம் போடுவது என்று பார்மசியில் நின்ற பிள்ளை கேட்டாள். ஒன்றும் இல்லை, காசு கட்டுகிறேன் என்றேன். மருந்தின் பெயரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மெடிக்கல் எக்ஸெம்ப்ஷன் (நோய்க்காகத் தரும் கட்டண விலக்கு) இல்லையா?" என்றாள்.

தைரொயிட் ஹோர்மோன் எடுப்பவர்கள், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் (சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவர்களுக்கு இல்லை), வலிப்புக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சேர்ஜரியில் எஃப்.பி.92ஏ படிவம் கேட்டு வாங்கி நிரப்பி, டொக்டர் கையொப்பமிட்டால் ஐந்து வருடத்துக்குச் சான்றிதழ் வரும். அதன் பிறகு தைரொயிட் குளிசைக்கு மட்டும் என்றில்லை, எந்த மருந்துக்கும் கட்ட வேண்டியதில்லை. பிரஷரும் ஆஸ்துமாவும் அந்தப் பட்டியலில் இல்லை. இதை எத்தனை பேர் எனக்குக் கோபமாக எழுதினாலும் என்னால் மாற்ற முடியாது, எனக்கும் அது நியாயமாகப் படவில்லை.

கட்டிய காசை மீட்கப் பார்த்தேன். கட்டும் அன்றே எஃப்.பி.57 என்ற பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டுமாம், பிறகு தர மாட்டார்களாம். போனது போனதுதான். சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் யாராவது கட்ட வேண்டி வந்தால் தயவுசெய்து அந்தச் சீட்டைக் கேளுங்கள், மூன்று மாதத்துக்குள் காசைத் திருப்பி எடுக்கலாம். சான்றிதழ் வருமுன் இலவசம் என்று அடையாளம் போடவே வேண்டாம். தண்டம் 100 பவுண்ட் வரைக்கும் வரும்.

சான்றிதழுக்குத் தகுதி இல்லாதவர்கள் பிரீபேமென்ட் (முன்கூட்டியே மொத்தமாகக் கட்டுவது) எடுக்கலாம். வருடத்துக்கு 114.50, மூன்று மாதத்துக்கு 32.05. வருடத்துக்கு 12 மருந்து எடுத்தாலே தனித்தனியாகக் கட்டுவதைவிட லாபம். வருடக் காசைப் பத்துத் தவணையாகவும் கட்டலாம்.

17 மார்ச்

கிளாஸ்கோவில் இருந்து ஒரு அக்கா சரியாகவே கேட்டார், "இங்கே எங்களுக்குக் கட்டணம் ஒன்றும் இல்லையே" என்று. ஆம், ஸ்கொட்லாந்தில் 2011 முதல் எல்லோருக்கும் இலவசம். வேல்ஸில் 2007, வட அயர்லாந்தில் 2010 முதல். நான் எழுதிய காசுக் கணக்கு இங்கிலாந்துக்கு மட்டும்.

13 ஏப்ரல்

இந்த வெள்ளி பெரிய வெள்ளி, அடுத்த திங்கள் ஈஸ்டர் திங்கள். 18 முதல் 21 வரை நான்கு நாள் சேர்ஜரி பூட்டு. நாளை காலையே கேட்டுவிடுங்கள். மே மாதத்திலும் 5, 26 இரண்டு திங்களும் விடுமுறை.

27 ஏப்ரல்

மாமியின் மருந்துகள் "ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் முடிகிறது" என்று கேள்வி கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் இரண்டு வருடம் இதே தலையிடிதான். பிரஷருக்கான அம்லோடிபின் பெட்டியில் 28. சீனிக்கான மெட்ஃபோமின் பெட்டி 28க்கும் வரும், 84க்கும் வரும், நாளுக்கு எத்தனை போடுகிறோம் என்பதைப் பொறுத்து அது ஒரு கணக்கு. சப்பிச் சாப்பிடும் கல்சியம் வேறு எண்ணிக்கை. சீனி பார்க்கும் பட்டி குப்பிக்கு 50. இப்படியே விட்டால் மாதத்தில் நாலு தடவை பார்மசிக்கு நடக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் கொட்டி எண்ணினேன். எது எத்தனை நாளுக்கு மிச்சம் என்று ஒரு தாளில் எழுதினேன். அதைச் சேர்ஜரியில் இருக்கும் பார்மசிஸ்டிடம் (இப்போது நிறையச் சேர்ஜரிகளில் ஒருவர் இருக்கிறார்) கொடுத்து, எல்லாம் ஒரே நாளில் முடியும்படி செய்து தரக் கேட்டேன். ஒரு மாதம் மட்டும் ஒன்றுக்கு 9 குளிசை, இன்னொன்றுக்கு 17 என்று எழுதித் தந்தார். அடுத்த மாதத்திலிருந்து எல்லாம் ஒரு பையில் வந்தது. இதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பையில் ஒரு ஓவிங் சீட்டு இருந்தால் எறிந்துவிட வேண்டாம். பார்மசியில் அன்றைக்குக் கையிருப்பு இல்லை, மிச்சத்தை அவர்கள் நமக்குத் தர வேண்டும் என்று அர்த்தம். என் கணவர் அதைப் பற்றுச்சீட்டு என்று நினைத்து எறிந்து, அம்மா பத்து நாள் அரைவாசி மெட்ஃபோமினோடு இருந்திருக்கிறார்.

1 ஜூன்

இதை எழுதலாமா என்று ஒரு கிழமை யோசித்தேன். மார்ச் 4ஆம் திகதி நான் எழுதியதை இப்போது வாசிக்கும்போது மனம் குத்துகிறது. "இரண்டு நிமிடம்தான்" என்று எழுதியிருக்கிறேன்.

போன கிழமை அம்மாவின் அறையில் சுவருக்கு நிறம் பூச அலுமாரியை நகர்த்தினோம். பின்னால் பிஸ்கட் தகரம் இரண்டு. பழைய போட்டோ என்று நினைத்துத் திறந்தேன். ஒன்றில் முழுக்கப் பரசிற்றமோல். மற்றதில் அம்லோடிபின் 5 மில்லிகிராம், எட்டுப் பெட்டி. ஒன்றுகூட உடைக்கவில்லை. 224 குளிசை. ஒவ்வொரு பெட்டியிலும் அம்மாவின் பெயரும் என் வீட்டு விலாசமும் ஒட்டியிருந்தது. திகதிகளைப் பார்த்தேன். 2022 ஆடியில் தொடங்கியிருந்தது.

உங்களில் பலருக்கு உடனே விளங்கியிருக்கும். அந்த வருடம் ஊரில் டொலர் இல்லாமல் மருந்துக்கடைகள் வெறுமையாகக் கிடந்தன. ஆசுப்பத்திரிகளிலேயே மருந்து இல்லை. பருத்தித்துறையில் இருக்கும் சின்னம்மாவுக்கும் இதே பிரஷர்தான், இதே குளிசைதான். அம்மா சொன்னார்: "தங்கச்சி போனிலை அழுதவள், குளிசை கிடைக்கேல்லை எண்டு. எனக்கு இஞ்சை சும்மா தாறாங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் என்ன எண்டு நினைச்சன்."

ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, மிச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார். ஒரு தடவை ஊருக்குப் போனவர்களிடம் கொடுத்தும் விட்டாராம். பிறகு சின்னம்மாவுக்கு அங்கேயே மருந்து கிடைக்கத் தொடங்கிவிட்டது. அம்மா நிறுத்தவில்லை. "திரும்பவும் இல்லாமல் போனால்?" என்றார். அதோடு அந்தக் குளிசை போட்டால் கால் வீங்குகிறது என்று அவருக்கு ஒரு பயம். வீங்குவதும் உண்மை, அம்லோடிபினுக்கு அப்படி ஒரு குணம் உண்டு. என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இதில் என்னை நடுங்க வைத்தது வேறு. போன வருடம் சேர்ஜரியில் பிரஷர் இறங்கவே இல்லை என்று 5 மில்லிகிராமை 10 ஆக்கினார்கள். அரைவாசி மருந்து மட்டும் போட்டவருக்கு மருந்து போதவில்லை என்று கூட்டியிருக்கிறார்கள். அந்த 10ஐயும் நான்தான் ரயிலில் நின்றபடி தொட்டு அனுப்பினேன்.

1 ஜூன், பின்னேரம்

அம்மாவைத் திட்டினீர்களா என்று கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அந்தத் தகரத்தைப் பார்த்து நான் எப்படித் திட்டுவது?

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதுகிறேன். நம் பெயருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, அனுப்பவும் கூடாது. சின்னம்மாவின் சிறுநீரகம் எப்படி, வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியாது. ஊரில் தட்டுப்பாடு என்றால் அங்கே வாங்கக் காசு அனுப்பலாம், முறையாக மருந்து சேர்த்து அனுப்புகிறவர்களோடு சேரலாம். அம்மாவுக்கு அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றார்.

8 ஜூன்

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். சொல்ல வெட்கப்பட்டது நான்தான், அம்மா நேராகச் சொல்லிவிட்டார். டொக்டர் கோபிக்கவில்லை. 5 மில்லிகிராமுக்கே திரும்ப விட்டு, ஒவ்வொரு நாளும் போட்டு, இரண்டு கிழமை வீட்டில் பிரஷர் பார்த்து எழுதி வரச் சொன்னார். கால் வீக்கம் தொந்தரவானால் வேறு மருந்து இருக்கிறது, போடாமல் மட்டும் விட வேண்டாம் என்றார்.

தகரங்களைப் பார்மசிக்குக் கொண்டுபோனோம். அம்மாவும் வந்தார். பார்மசிஸ்ட் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து வாளிக்குள் போடும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பரசிற்றமோல் ஏன் அவ்வளவு என்று கேட்டேன். நான் செயலிக்கு மாற்றும் முன் அம்மா வெள்ளைத் துண்டில்தான் கேட்பார். அடையாளம் போடாத மருந்தைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார்கள் என்று பயந்து ஒவ்வொரு மாதமும் எல்லாவற்றுக்கும் சரி போட்டிருக்கிறார். நான் வந்த பிறகு எனக்கு யோசிக்க நேரம் இல்லாமல் நானும் எல்லாவற்றையும் தொட்டேன். ஒரு மாதம் கேட்காவிட்டால் அந்த மருந்து பட்டியலில் அப்படியேதான் இருக்கும், அடுத்த மாதம் கேட்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நிறையப் பேருக்கு இந்தப் பயம் இருக்கும்.

6 ஜூலை

அம்மா ஆசுப்பத்திரியில் இருந்து வந்து இன்றோடு எட்டு நாள். ஜூன் கடைசி வெக்கையில் இரண்டு நாள் வாந்தியும் வயிற்றோட்டமும். தண்ணீர் வற்றி, எழும்பும்போது விழுந்துவிட்டார். இரத்தம் பார்த்தபோது சிறுநீரகம் களைத்திருந்தது. றமிப்ரில் என்ற பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டார்கள். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அந்தக் குளிசை சிறுநீரகத்தைத் தாக்கலாம், அப்படியான நாட்களில் டொக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ கேட்டுத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரும் என்று அங்கேதான் எனக்கு விளக்கினார்கள். பிரஷர் குளிசை போடும் பெரியவர்கள் உள்ள வீட்டில் இதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இரண்டு கிழமைக்கு மருந்தும் ஒரு கடிதமும் தந்து அனுப்பினார்கள். நேற்று ஓடர் போட உட்கார்ந்தேன். செயலியில் றமிப்ரில் பழையபடி அதே இடத்தில் இருந்தது. என் விரல் பழக்கத்தில் அதையும் தொட்டுவிட்டது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்:

"இதை ஆசுப்பத்திரியிலை நிப்பாட்டச் சொன்னவை எல்லோ? பிறகும் ஏன் கேக்கிறாய்?"

ஆசுப்பத்திரி அனுப்பும் கடிதத்தைச் சேர்ஜரியில் ஒருவர் வாசித்து, பட்டியலைத் திருத்தும் வரை பழைய பட்டியல்தான் செயலியில் நிற்கும். நாங்கள் திங்கள் காலை கடிதத்தின் பிரதியோடு நேரே போகிறோம். ஆசுப்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் ஓடரைக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுத்தான் போடுங்கள். பார்மசிக்கும் சொல்லுங்கள். ஆசுப்பத்திரி அங்கே நேராக விபரம் அனுப்பும் ஏற்பாடு இங்கிலாந்தில் 2021 முதல் இருக்கிறது, ஆனாலும் நம் வாயாலும் சொல்வது நல்லது.

6 ஜூலை, இரவு

எழுதிவிட்டுப் படுக்கப் போனேன், நித்திரை வரவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தது தற்செயல். வழக்கம்போல ரயிலில் நின்று போட்டிருந்தால் அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்திருக்கும். பெட்டி வந்தால் அம்மா போடுவார், மகள் கேட்டு எடுத்தது தானே என்று.

13 ஜூலை

பட்டியல் திருத்தியாகிவிட்டது. இப்போது ஐந்து மருந்து.

வேறு பக்கம் போகிறது பேச்சு, ஆனாலும் ஒருவர் கேட்டதால் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அப்பாவுக்கு அங்கே டொக்டர் எழுதிய துண்டைக் காட்டி இங்கே மருந்து எடுக்கலாமா? முடியாது. இலங்கை, இந்திய டொக்டர்களின் துண்டுக்கு இங்கே பார்மசியில் கொடுக்க மாட்டார்கள். இங்கே ஒரு டொக்டர் பார்த்து எழுத வேண்டும். வரும்போது நிற்கும் நாட்களுக்குப் போதுமான மருந்தை, பெட்டியோடும் டொக்டரின் கடிதத்தோடும் கொண்டுவரச் சொல்லுங்கள். கடிதத்தில் கொம்பனிப் பெயரை எழுதாமல் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து வந்த மாமா "கிளைகோமெட்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல, கவுண்டரில் யாருக்கும் விளங்கவில்லை. அது மெட்ஃபோமின்தான். "தைரோநோர்ம்" என்பது நான் போடும் அதே லெவோதைரொக்ஸின்.

இங்கே மருந்தின் பெயரில்தான் எழுதுவார்கள். கொம்பனி மாதத்துக்கு மாதம் மாறும். போன மாதம் வெள்ளையில் வட்டமாக வந்தது இந்த மாதம் வேறு வடிவத்தில் வரும். பெரியவர்கள் இது என் மருந்து இல்லை என்று ஒதுக்கி வைப்பார்கள், இல்லாவிட்டால் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுவார்கள். இரண்டாவதுதான் பயங்கரம்.

24 ஆகஸ்ட்

நாளை வங்கி விடுமுறை, சேர்ஜரி பூட்டு. கேட்பவர்கள் செவ்வாய்தான்.

கார்த்திகையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு: ஆறு கிழமைக்குப் போவதென்றால் ஒரு மாதம் முன்னதாகவே சேர்ஜரியில் சொல்லுங்கள், பெரும்பாலும் போதுமான அளவு தருவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறீர்கள் என்றால் முழுவதற்கும் என்.எச்.எஸ். கணக்கில் எதிர்பார்க்க வேண்டாம். போய்ச் சேர்ந்து அங்கே டொக்டரைப் பிடிக்கும் வரைக்கும்தான் தருவார்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியைக் கழற்ற வேண்டாம்.

14 செப்டெம்பர்

கேள்வி கேட்ட தம்பி நேரே கேட்டார், "அப்ப கடைசியில் செயலியா, பார்மசியா, துண்டா?" என்று.

எனக்கு என் மருந்துக்கு இப்போது வேறு ஏற்பாடு. என் தைரொயிட் அளவு மாறாமல் நிற்பதால் டொக்டர் ஒரேயடியாகப் பல மாதங்களுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு மாதம் வரைக்கும் இப்படிக் கொடுக்கலாம். நான் மாதாமாதம் பார்மசிக்குப் போனால் போதும், ஏதாவது மாறியதா என்று அவர்கள் கேட்டுவிட்டுத் தருவார்கள். உங்கள் மாமிக்கு மருந்து அளவு அடிக்கடி மாறுவதில்லை என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் ரிப்பீட் டிஸ்பென்சிங் என்று கேட்டால் விளங்கும்.

அம்மாவுக்கு நான் செயலியில் போடுவதை நிறுத்திவிட்டேன். மார்ச்சில் எழுதியதற்கு நேர்மாறாக எழுதுகிறேன் என்று தெரியும். செயலியில் ஒரு பிழையும் இல்லை, இன்றைக்கும் அதுதான் கெதியானது. என் மருந்துக்கு நல்லது. அம்மாவின் மருந்தை அம்மாவிடமிருந்து நான் பிடுங்கியதுதான் பிழை. அவருக்கு ஆங்கிலம் குறைவு, ஆனால் எந்தக் குளிசை எதற்கு, எது கால் வீங்க வைக்கும், எதை நிறுத்தச் சொன்னார்கள் எல்லாம் தெரியும். நான்தான் ஐந்து வருடம் அதைக் கேட்காமல் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது பார்மசியில் பையோடு வெள்ளைத் துண்டையும் கேட்டு வாங்குகிறோம். ஒவ்வொரு மருந்துக்குப் பக்கத்திலும் நான் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: சீனிக்கு, பிரஷருக்கு, கொழுப்புக்கு, எலும்புக்கு, நோவுக்கு. நாலு கிழமைக்கு ஒருமுறை திங்கள் இரவு அம்மா மேசையில் எண்ணுவார். செவ்வாய் காலை 285 மீற்றர் நடந்து (என் போன் அளந்து சொன்னது) சேர்ஜரி வாசலில் உள்ள பெட்டிக்குள் போட்டுவிட்டு வருவார். மழை என்றால் நான் போவேன். செயலி என் போனில் இன்னும் இருக்கிறது, ஒப்புதல் வந்ததா என்று பார்க்க.

மாமிக்கு நடக்க முடியாவிட்டால், கண் தெரியாவிட்டால் இது சரிவராது. அப்படியானால் செயலியிலேயே போடுங்கள். ஆனால் அவர் பக்கத்தில் இருக்கும்போது, பெட்டிகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு போடுங்கள். மூன்று நாள் மருந்து இல்லாமல் இருந்தார் என்று எழுதினீர்களே, அது முடிந்துபோய்த்தான் இருந்தாரா என்றும் ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

21 செப்டெம்பர்

தம்பி பதில் எழுதியிருக்கிறார். மாமியின் கைப்பைக்குள் பதினொரு குளிசை. தலை சுற்றுகிறது என்று ஒளித்து வைத்திருக்கிறார். டொக்டரிடம் கூட்டிப் போங்கள், திட்ட வேண்டாம்.

12 ஒக்டோபர்

அம்மாவின் வீட்டுப் பிரஷர் கணக்கு இப்போது 130களில் நிற்கிறது, 5 மில்லிகிராமிலேயே. கால் கொஞ்சம் வீங்கும், பின்னேரத்தில் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறார்.

போன செவ்வாய்த் துண்டைப் பெட்டிக்குள் போடுமுன் எனக்குக் காட்டினார். ஐந்து வரியில் நாலுக்குத்தான் சரி. நோவுக்கு என்று எழுதிய வரி வெறுமையாக இருந்தது. மறந்துவிட்டாரோ என்று பேனாவை எடுத்தேன்.

"வேண்டாம். பதினாலு கிடக்கு," என்றார்.